மன்னார் தீவில் ஒரு பகல்: வன்னியிலிருந்து போய்வர முழுமையான வழிகாட்டி

வன்னிக்காரருக்கு மன்னார் தீவு தூரத்து ஊர் அல்ல. விடியப்புறம் வெளிக்கிட்டால் வெயில் ஏறுமுன்பே பாலத்தடியில் நிற்கலாம். ஆனாலும் போய் வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். கோட்டை பார்த்தோம், பெருக்கமரத்தடியில் படம் எடுத்தோம், தலைமன்னாரில் கடலைப் பார்த்தோம், பசி வந்ததும் எதிர்ப்பட்ட கடையில் சோறும் கோழியும் சாப்பிட்டோம், வந்தோம். இரு பக்கமும் கடல் உள்ள ஊருக்குப் போய்க் கோழி தின்றுவிட்டு வருவது என்ன நியாயம்?

இடங்களில் பிழை கிடையாது. நேர ஒழுங்குதான் பிழைக்கிறது. பறவைக்கு விடியல், மீனுக்குக் காலை, கள்ளுக்கு முற்பகல், சோற்றுக்கு மத்தியானம், கடலுக்கு அந்தி. இதை மாற்றிப் போட்டால் பூநாரை கானலுக்குள் கலங்கித் தெரியும், மீன் கரையைக் கழுவி முடித்திருப்பார்கள், கள்ளு புளித்திருக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒழுங்குப்படிதான்.

எந்த மாதம், எந்த நாள்

என் தெரிவு மாசியும் (பெப்ரவரி) பங்குனியும் (மார்ச்). மாரி மழை ஓய்ந்து வீதி காய்ந்திருக்கும். வடக்கேயிருந்து வந்த வலசைப் பறவைகள் இன்னும் திரும்பியிருக்க மாட்டா. பனையில் பாளை சீவத் தொடங்கியிருப்பார்கள். கடலும் இரண்டு பக்கமும் ஓரளவு அடங்கியிருக்கும். மாசியில் போனால் அவித்த பனங்கிழங்கும் கிடைக்கும்.

வைகாசி (மே) தொடக்கம் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும். தென் கரையில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அலை அடித்துக்கொண்டே இருக்கும். மணல் பறந்து கண்ணுக்குள் விழும். அந்த மாதங்களில் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நுங்கு கிடைக்கும், வட கரையும் அமைதியாக இருக்கும். ஆனால் பூநாரை பார்க்க வந்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போவதை விட வீட்டில் இருக்கலாம்.

நாளைத் தெரிவது இன்னும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். தீவின் கடற்றொழில் ஊர்களில் பல கத்தோலிக்க ஊர்கள். சனி இரவு பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள். ஞாயிறு காலை கரையில் வள்ளம் நிற்கும், மீன் இராது. முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமை அப்படி. பூரணை நாளான போயாவில் நாடு முழுக்க மதுக்கடையும் கள்ளு விற்கும் தவறணையும் பூட்டு. ஆடி (ஜூலை) 2, ஆவணி (ஓகஸ்ட்) 15 ஆகிய மடு மாதா கோயில் திருவிழா நாட்களை ஒட்டி வவுனியா, மதவாச்சி வழியாக வருகிறவர்கள் வீதியிலேயே பாதி நாளைக் கழிக்க வேண்டி வரும். ஆக, செவ்வாய் தொடக்கம் வியாழன் வரை, போயா இல்லாத ஒரு நாள். லீவு போடத்தான் வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நண்டு தின்னும் எண்ணம் இருந்தால் பறுவத்தை (பூரணையை) ஒட்டிப் போகாதீர்கள். நிலவு காலத்து நண்டில் சதை இராது, இருட்டுக் காலத்து நண்டுதான் நிறைந்திருக்கும் என்பது கரையில் எல்லாரும் சொல்லும் சங்கதி. பறுவத்தில் போயாவும் வருவதால் ஒரு கல்லில் இரண்டு காய்: அமாவாசைக் கிழமையைப் பாருங்கள்.

வழி

கிளிநொச்சிப் பக்கத்தார் பரந்தனால் திரும்பிப் பூநகரி போய் ஏ-32 வீதியைப் பிடிக்க வேண்டும். முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று ஒரே நேர் ஓட்டம். மல்லாவி, துணுக்காய், மாங்குளம் ஆட்கள் வெள்ளாங்குளத்தில் அதே வீதியில் வந்து சேரலாம். வவுனியாவிலிருந்து செட்டிகுளம், பறயனாலங்குளம் வந்து ஏ-14 இல் ஏறி மடுச் சந்தி, முருங்கன், உயிலங்குளம் கடந்து தள்ளாடி. முல்லைத்தீவு ஆட்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் முந்தியே எழும்ப வேண்டும்.

எந்த வழியானாலும் பாலத்தடிக்குக் காலை ஆறரைக்கு வந்துவிட வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். கிளிநொச்சி நகரிலிருந்து நாலு, நாலரைக்கு வெளிக்கிட்டால் சரி. ஏ-32 இல் இருட்டோடு ஓடும்போது மாடுகளைக் கவனியுங்கள். சூடு ஆறாத தாரில்தான் படுக்கும். வழியில் இயற்கை உபாதைக்கு இறங்குகிறவர்கள் வீதியோரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். கண்ணிவெடி இருக்கிறது என்று மண்டையோட்டுப் பலகை நட்ட காணி எங்காவது கண்ணில் பட்டால் ஓர் அடி கூட உள்ளே வைக்கக் கூடாது. வன்னியில் இதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் கூட வந்தால் சொல்லத்தான் வேண்டும்.

பஸ்ஸில் போகலாமா? போகலாம். வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணம் பூநகரிப் பக்கத்திலிருந்தும் மன்னாருக்கு பஸ் இருக்கிறது. மன்னாரிலிருந்து தலைமன்னாருக்கும் இருக்கிறது. ஆனால் விடியலில் பறவையும் போய்விடும், சமையலும் போய்விடும். நாலைந்து பேர் சேர்ந்து வானோ, மூன்று மோட்டார் சைக்கிளோ எடுப்பதுதான் புத்தி. ரயில் வவுனியாவுக்கு வராமல் மதவாச்சியில் பிரிந்து தலைமன்னார் போவதால் நமக்கு ஒரு நாள் பயணத்துக்கு ஒத்து வராது.

வாகனம் ஓட்டுபவர் யார் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அவருக்கு அன்றைக்குக் கள்ளு இல்லை, புளிக்காத பனஞ்சாறான கருப்பணிதான். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

முதல் நாள் செய்ய வேண்டியது

பேசாலைப் பக்கமோ தலைமன்னார்ப் பக்கமோ உள்ள ஒரு விருந்தினர் விடுதிக்குத் தொலைபேசியில் கதைத்து, பகலுக்கு மட்டும் இருக்க இடமும் குசினியும் கேளுங்கள். நீங்கள் மீன் வாங்கிக் கொடுக்க, அவர்கள் சமைத்துத் தருவதற்கும் பலர் சம்மதிப்பார்கள். விலையையும் எத்தனை பேர் என்பதையும் அப்போதே கதைத்து முடிப்பது நல்லது. சொல்லாமல் பத்துப் பேர் போய் இறங்கினால் எந்த அடுப்பும் உடனே எரியாது.

கொண்டு போக வேண்டியவற்றில் முதலாவது குடிதண்ணீர், நினைப்பதை விட இரண்டு மடங்கு. ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி ஒன்று. தொப்பி, பைனாகுலர் இருந்தால் பைனாகுலர். வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள் ஒரு போத்தல், பழப்புளி, தேங்காய், முருங்கையிலை ஒரு கட்டு. முருங்கனில் விளைந்த அரிசி வழியிலேயே வாங்கலாம். ஒடியல் மாவை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

விடியல்: பாலத்துக்கு இந்தப் பக்கம்

பலர் விடும் பிழை, தீவுக்குப் போகும் அவசரத்தில் வாசலைக் கவனிக்காமல் பறப்பது. திருக்கேதீஸ்வரச் சந்தியிலிருந்து பாலம் வரை வீதியின் இரு புறமும் கிடக்கும் சேற்று நிலமும் உவர்த் தண்ணீரும்தான் அன்றைய நாளின் மிகப் பெரிய காட்சி. இதில் வங்காலைப் பக்கம் 2008 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் ராம்சார் சாசனத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமானது. ஏறக்குறைய 4,800 ஹெக்டேர். மத்திய ஆசியாவிலிருந்து இறங்கி வரும் பறவைப் பாதையில் இலங்கைக்குள் நுழையும் வாசல் மன்னார்தான்.

வாகனத்தை வீதியை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்துங்கள். மேற்குப் பக்கம் பார்த்து ஓடி வந்திருப்பதால் காலைச் சூரியன் உங்கள் முதுகில் இருக்கும். பறவையின் நிறம் அப்படியே தெரியும். தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிவது பூநாரைக் கூட்டம். பைனாகுலரை வைத்துப் பார்த்தால் எல்லாத் தலையும் தண்ணீருக்குள். கழுத்தை வளைத்துச் சொண்டைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து, காலால் மிதித்துக் கலக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்றும். கலங்கிய தண்ணீரை உறிஞ்சிச் சல்லடை போட்டு வடிப்பதே அதன் சாப்பாடு. ஒன்று தலையைத் தூக்கிச் சிறகை விரிக்கும்போதுதான் உள்ளே மறைந்திருக்கும் சிவப்பும் கறுப்பும் தெரியும். அந்த ஒரு கணத்துக்காகக் கொஞ்ச நேரம் நிற்கலாம், தப்பில்லை.

கிட்டத் தண்ணீரில் ஊசிவால் வாத்துகள், நாமத்தலை வாத்துகள், நெடுங்கால் உள்ளான், கரண்டிவாயன். கரண்டிவாயனை ஒரு முறை பார்த்தால் மறக்காது. சொண்டின் பெயரே அதன் பெயர். எல்லாப் பறவையும் எல்லா நாளும் ஒரே இடத்தில் நிற்காது. தண்ணீர் மட்டம் எங்கே முழங்கால் அளவுக்கு இருக்கிறதோ அங்கே பூநாரை நிற்கும். ஒரு பக்கம் காணவில்லை என்றால் ஒரு கிலோமீற்றர் தள்ளிப் பாருங்கள். கிட்டப் போகிறேன் என்று சேற்றுக்குள் இறங்குவதும், படத்துக்காகக் கை தட்டிப் பறக்க விடுவதும் வேண்டாம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த உயிர், சாப்பிட விடுங்கள். ட்ரோன் பறக்க விடுவதற்கு அனுமதி வேண்டும், அதோடு பக்கத்தில் படைமுகாம்களும் இருக்கின்றன.

திருக்கேதீஸ்வரத்துக்கும் ஒரு எட்டுப் போய் வரலாமே என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், கேட்பது நியாயம்தான். ஆனால் காலையில் போனால் பறவையும் மீனும் தவறும். பின்னேரம் போவதென்றால் மச்சம் சாப்பிட்ட வாயோடு கோயிலுக்குள் எப்படிப் போவது? அதற்கு இன்னொரு நாள் வையுங்கள்.

பாலம் தாண்டியதும்

கடலுக்குள் மண் அணை போட்டுப் போகும் வீதி மூன்று கிலோமீற்றர் அளவு. இப்போதுள்ள பாலம் 2010 இல் திறந்தது. தாண்டியவுடன் கோட்டை. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு அவர்களே திருத்திக் கட்டியது. உள்ளே இடிந்த தேவாலயமும் கொத்தளங்களும் உண்டு. வெயில் ஏறுமுன் கொத்தளத்தில் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு இறங்கினால் போதும்.

பள்ளிமுனைப் பெருக்கமரமும் கிட்டத்தான். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், உயரமோ அதற்குப் பாதி கூட இல்லை; ஆபிரிக்காவில் வளரும் மரம். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பார்கள். வீதியில் திரியும் கழுதைகளையும் அவர்கள் கணக்கிலேயே எழுதுகிறார்கள். கழுதைகளுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். தின்னப் பழகினால் வாகனத்துக்குக் குறுக்கே வந்து நிற்கும். காயப்பட்டு நொண்டும் கழுதைகளை மன்னார் வீதியில் நிறையவே காணலாம்.

நகரத்தில் காலைச் சாப்பாட்டை இலேசாக முடியுங்கள். இடியப்பம், சொதி, சம்பல். வயிற்றில் இடம் வேண்டும்.

மீன் வாங்குவது

பேசாலைக் கரைக்கு எட்டு, எட்டரைக்குள் போய்விட வேண்டும். இரவு போன வள்ளங்கள் கரை தொட்டு, மீனை மணலில் கொட்டி விலை கூறும் நேரம் அது. கூறி விற்பதில் நீங்கள் புகுந்து வாய் கொடுக்க வேண்டாம். அது முழுப் பெட்டிக்காரருக்கான வியாபாரம். கூறி எடுத்தவரிடம் இரண்டு மூன்று கிலோ பிரித்துக் கேளுங்கள், தருவார்.

நண்டுக்கு வாடிப் பக்கம் நடவுங்கள். கிடுகுக் கொட்டிலின் நிழலில் வலையை விரித்துப் போட்டு, ஒவ்வொரு நண்டாகக் காலைச் சிக்கெடுத்துக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். பெரிய நீலக்கால் நண்டெல்லாம் கம்பனிக்கு, அங்கிருந்து வெளிநாட்டுக்கு. கழற்றும்போது கால் முறிந்ததைக் கம்பனி எடுக்காது. அதுதான் நம்முடைய நண்டு. ருசியில் ஒரு குறையும் இல்லை, விலையில் நல்ல வித்தியாசம். வாங்கும்போது கையில் எடுத்துப் பாரத்தைப் பாருங்கள். பிறகு வயிற்றுப் பக்கத்து ஓட்டைப் பெருவிரலால் அமத்துங்கள். அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான். கல்லுப் போல இருந்தால் கூடையில் போடலாம். வயிற்றுக்கு வெளியே முட்டை கட்டிய நண்டை விலை குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள். அடுத்த வருசத்து நண்டு அது.

கணவாய், றால், விளைமீன், பாரை, கூழுக்கென்றால் ஒரு பெரிய மீன் தலை. பார்த்து எடுங்கள். ஆமை இறைச்சியோ ஆவுளியாவோ (கடற்பசு) இருக்கிறது என்று யாராவது காதுக்குள் சொன்னால் விலகிப் போங்கள். இரண்டும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை; அதுவும் ஆவுளியா இந்தக் கடலில் மிச்சமிருப்பதே சொற்பம்.

சில காலைகளில் கரையில் மீனை விடக் கோபம்தான் கூடக் கிடக்கும். இந்திய இழுவைப் படகுகள் இரவில் எல்லை தாண்டி வந்து மடி இழுத்துப் போன நாட்கள் அவை. அறுந்த வலையைத் தூக்கிக் காட்டுவார்கள். இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017 இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. எல்லைக்கு அப்பால் அந்தச் சட்டம் போகாது. அன்றைக்குப் பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கள்ளு

இந்தத் தீவின் வைன் பனையில்தான் ஊறுகிறது. பாலம் தாண்டியதிலிருந்து தலைமன்னார் வரை வீதி நெடுகப் பனை. முந்திரிகை வைன்தான் வேண்டும் என்பவர்கள் யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்து வைனை முன்கூட்டியே வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாம். கறிநண்டோடு அதன் இனிப்பு எனக்கு ஒத்து வருவதில்லை.

சீவல் தொழிலாளி காலையும் மாலையும் மரம் ஏறுவார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, கீழே கட்டிய முட்டியில் சொட்ட விடுவார். முட்டிக்குள் விழத் தொடங்கிய நிமிடமே சாறு நுரைக்கத் தொடங்கிவிடும். காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவமே (ஈஸ்ட்) அதற்குப் போதும், யாரும் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. ஆகவே காலையில் இறக்கிய கள்ளு முற்பகலில் இனிப்பும் காரமும் சரிபாதியாக இருக்கும். மத்தியானம் தாண்டினால் இனிப்புக் குறைந்து வெறி கூடும். பின்னேரம் புளிப்பு. அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள், பழகியவர்கள். முதல் முறை குடிப்பவருக்குப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள்தான் நேரம்.

வாங்குவது தவறணையில். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை, உரிமம் உள்ளவை. யாரோ வீட்டுக்குப் பின்னால் நல்ல சாமான் இருக்கிறது என்றால் சட்டத்துக்கும் வயிற்றுக்கும் சேர்த்துப் பயப்படுங்கள். நல்ல கள்ளு கலங்கிய வெள்ளையாக இருக்கும், அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி ஏறிக்கொண்டே இருக்கும், மூக்குக்கு கிட்டப் பிடித்தால் பாளை மணம் அடிக்கும். சீனித் தண்ணீர் கலந்தது நாக்கின் நுனியில் இனித்து அதோடு முடிந்துவிடும். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்க மாட்டார்கள்.

தவறணைக்குள் பெண்கள் போவது நம்மூரில் இன்னும் வழக்கமில்லை. சரி, போத்தலில் வாங்கி விடுதிக்குக் கொண்டு போய் எல்லாரும் சேர்ந்து குடிக்கலாம். அப்படிக் கொண்டு போகும்போது மூடியை இறுக்கிவிடாதீர்கள். வண்டிக்குள் சூட்டில் நுரைத்து மூடி வெடித்தால் ஒரு மாதத்துக்கு வானுக்குள் தவறணை வாசம்தான். கடற்கரையிலோ வீதியோரத்திலோ இருந்து குடிக்க வேண்டாம். பொது இடத்தில் குடிப்பது குற்றம், அதோடு ஊர்ச் சனம் திரியும் இடம்.

சாரதிக்கும் பிள்ளைகளுக்கும் கருப்பணி. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு நுரைக்காது, இனிப்பாகவே நிற்கும். கள்ளை விட இது கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

மத்தியானம்: நண்டும் கூழும்

நாலைந்து பேர் என்றால் நண்டுக் கறியும் சோறும். பத்துப் பேருக்கு மேல் என்றால் கூழ் காய்ச்சுங்கள். ஒரே சட்டியில் வேலை முடியும்.

நண்டை ஓடு கழற்றிக் கழுவி, நடுவால் பிளந்து, பெரிய கால்களை அம்மிக் குழவியால் மெல்லத் தட்டி வையுங்கள். தட்டாவிட்டால் தூள் உள்ளே போகாது. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்து, நண்டைப் போட்டுப் பிரட்டி, கறித்தூளும் உப்பும் புளியும் சேர்த்துக் கப்பிப் பாலில் அவிய விடுங்கள். நண்டு சிவந்து, குழம்பு பாதியாக வற்றியதும் முதற்பால். ஒரு கொதி வந்ததும் முருங்கையிலையை அள்ளிப் போட்டு மூடி இறக்கிவிட வேண்டும். அடுப்பில் விட்டால் இலை கறுத்துக் கசக்கும். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான்.

கூழுக்கு ஒடியல் மாவை விடுதிக்கு வந்தவுடனேயே தண்ணீரில் ஊறப் போடுங்கள். மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடித்துவிடுங்கள், கசப்பு அதோடு போய்விடும். ஒரு பிடி அரிசியும் பலாக்கொட்டை, பயத்தங்காய், மரவள்ளித் துண்டுகளும் கொதிக்கும் தண்ணீரில் முதலில். அவை அரைவாசி அவிந்ததும் மீன் தலை, நண்டு, றால். செத்தல் மிளகாயை உப்போடு அம்மியில் அரைத்துக் கரைத்து விட்டு, பழப்புளியும் சேருங்கள். கடைசியாக ஒடியல் மாக் கரைசலை ஊற்றித் துழாவிக்கொண்டே நிற்க வேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். தடித்து, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதம் வந்தால் முருங்கையிலை, அடுப்பை நிறுத்தலாம். பனையோலையில் பிளா கோலத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் கோப்பை தேவையில்லை. சூடு தாங்காமல் ஊதி ஊதிக் குடிக்கும்போது வேர்த்துக் கொட்டும், கடற்காற்று அதில் படும். கள்ளும் கூழும் ஒரே மரத்துப் பிள்ளைகள் என்பதால் சண்டை பிடிக்காது.

சமைக்க மனமில்லாதவர்களுக்கு மன்னார் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் மீன் குழம்பும் கணவாய்ப் பொரியலும் சோறும் கிடைக்கும். பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். முஸ்லிம் கடைகளில் புரியாணியும் வட்டிலப்பமும் நல்லது; போத்தலை வாகனத்திலேயே விட்டுவிட்டுப் போகிற மரியாதை மட்டும் இருக்கட்டும்.

சாப்பிட்டபின் மூன்றரை மணி வரை ஒன்றும் செய்யாதீர்கள். பாயை விரித்துப் படுங்கள். அந்த வெயிலில் மன்னாரில் ஒருவரும் எதையும் பார்க்கப் போவதில்லை.

தலைமன்னார்

பின்னேரம் மேற்கு முனைக்கு. தென் கரையோரம் போகும்போது காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். 2020 மார்கழியில் திறந்த தம்பபவனி திட்டத்தில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவோட். தூரத்தில் பார்க்க அழகுதான். கீழே குடியிருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை: மழைத் தண்ணீர் ஓடும் வழி அடைபட்டது, மீன்பாடு மாறிவிட்டது என்பார்கள். 2025 இல் மேலும் காற்றாலைகளும் கனிம மணல் அகழ்வும் வேண்டாம் என்று தீவு மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். பறவைப் பாதையில் இறக்கை சுழல்வதைப் பற்றிய கவலையும் அதில் ஒன்று. காலையில் பூநாரை பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

தலைமன்னார் பியரில் பழைய இறங்குதுறையின் மிச்சமும் வெளிச்சவீடும் இருக்கின்றன. 1914 இல் ரயிலும் கப்பலும் இணைந்து தனுஷ்கோடிக்கு ஓடத் தொடங்கியது இங்கிருந்துதான். 1964 மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களின் நடுவில் நின்றது. போரில் அழிந்த ரயில் பாதை 2015 பங்குனியில் மறுபடி தலைமன்னார் வரை வந்தது. கப்பல் வரவில்லை.

வன்னியில் இன்று வாழும் எத்தனையோ மலையகக் குடும்பங்களின் பூட்டன் பூட்டி தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து இந்த மணலில்தான் முதலில் கால் வைத்தார்கள். இங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, நடையிலேயே செத்தவர்கள் கணக்கில் அடங்கார். அவர்கள் வந்து 200 ஆண்டானதை நினைந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். கிளிநொச்சியில் இருந்து போகிற பிள்ளைகளுக்கு இதை அந்த இடத்தில் நின்றே சொல்லுங்கள்.

மேற்கே கடலுக்குள் தெரியும் மணல்திட்டுகள் இராமர் அணை, ஆதாம் பாலம் என்று இரண்டு பெயராலும் வழங்கும். அது 2015 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆலா என்ற கடற்பறவைகள் திட்டுகளின் வெறும் மணலிலேயே முட்டை இடுகின்றன. அனுமதி எடுக்காமல் படகில் ஏறாதீர்கள், யார் கூப்பிட்டாலும். கரையில் நின்று பார்க்கவே போதுமான கடல் இருக்கிறது. குளிக்க விரும்பினால் முனையில் வேண்டாம், இரண்டு கடலும் சந்திக்கும் இடத்தில் நீரோட்டம் பொல்லாதது. அமைதியான நாளில் கீரிக் கடற்கரை, அதுவும் கள்ளு குடிக்காதவர்கள் மட்டும். கடற்படை முகாமுக்கு நேரே கமராவைப் பிடிக்காதீர்கள்.

கிளிநொச்சிக் கரைக்கு அப்பால் கடலில் உள்ள இரணைதீவுக்கும் இப்படிப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது போர்க்காலத்தில், 1992 இல், துரத்தப்பட்டவர்கள் 2018 இல் தாமாகவே படகேறிப் போய் மீட்டெடுத்த ஊர். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் அழைத்தால் போங்கள். சுற்றுலாவாகப் போகும் இடம் இன்னும் ஆகவில்லை.

திரும்புவது

மாசியில் ஆறேகால், ஆறரைக்குள் பொழுது பட்டுவிடும். கருவாட்டை இருட்டுமுன் வாங்கிவிட வேண்டும். மணலில் போட்டுக் காய்ந்ததா, பந்தலில் காய்ந்ததா என்பது வெளிச்சத்தில்தான் தெரியும். ஒரு துண்டை முறித்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பூசணம் பிடிக்கும். வாயில் ஒரு நுனியை வைத்து மணல் கடிபடுகிறதா என்றும் பாருங்கள், விற்பவர் கோபிக்க மாட்டார். கட்டாக் கருவாடும் சின்னத் திருக்கைக் கருவாடும் இங்கே நன்றாக இருக்கும். பழைய பத்திரிகையில் சுற்றி, அதற்கு மேல் சொப்பிங் பை இரண்டு போட்டு முடிச்சுப் போடுங்கள்.

பெற்றோலை மன்னார் நகரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இரவில் வவுனியா போகிறவர்கள் மடுச் சந்தி தாண்டிய காட்டுத் துண்டில் வேகத்தைக் குறைக்க வேண்டும், யானை குறுக்கிடும். முன்னால் போகும் வாகனம் நின்று விளக்கைத் தணித்தால் நீங்களும் பின்னால் நில்லுங்கள், முந்த வேண்டாம், ஹோனும் அடிக்க வேண்டாம். பூநகரி வழிக்காரருக்கு முழங்காவில் தாண்டினால் தேத்தண்ணிக் கடை கிடைப்பது அரிது. சாரதிக்குக் கண் சொருகும் முன்பே வெள்ளாங்குளத்திலோ முழங்காவிலிலோ நிறுத்தி ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுங்கள்.